கதவு இடம் மாறும் கரை: சில்கா ஏரியின் ஆளில்லா மணல்திட்டு

பூரியிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், சில்கா ஏரியின் ஓரத்தில், சாதபடா என்னும் சிற்றூர் இருக்கிறது. காலையில் பூரியை விட்டுப் புறப்படும் சுற்றுலா வண்டிகள் அங்கு வந்து நின்றதும், பயணிகள் கூரை வேய்ந்த விசைப்படகுகளில் ஏறுகின்றனர். முதலில் ஐராவதி ஓங்கில்கள் தென்படும் நீர்ப்பரப்பு; பிறகு ஏரி குறுகிக் கால்வாயாகும் இடம்; கடைசியில் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு. அங்கே வீடுகள் இல்லை. செந்நண்டுகள் வளைக்குள் ஓடி மறைகின்றன. ஒருபுறம் அலையற்ற ஏரி, மறுபுறம் ஆர்ப்பரிக்கும் கடல். ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் பூரிக்குத் திரும்பிவிடலாம். சுற்றுலாத் துறையினர் இதனைக் கடல்முகம் என்றும், ராஜஹன்ஸ் கடற்கரை என்றும் அழைக்கின்றனர். மனிதர் வாழாத, வரலாறு தீண்டாத தூய கரை என்ற எண்ணத்துடனேயே பலரும் திரும்புகின்றனர். மனிதர் வாழாதது என்பது பெரும்பாலும் உண்மை. மற்றது உண்மைக்கு வெகுதூரம்.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடைய இந்த மணல்திட்டுதான் சில்காவை உண்டாக்கியது. மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலியவை வடகிழக்கிலிருந்து நன்னீரையும் வண்டலையும் கொணர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் கரையை ஒட்டி மணலை வடகிழக்காக இழுத்துச் செல்கிறது. அவ்வாறு இழுத்துச் செல்லப்பட்ட மணல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து நீண்டதால், ஒரு காலத்தில் விரிகுடாவாக இருந்த பகுதி உப்பங்கழியாக அடைபட்டது. மழைக்காலத்தில் ஏறக்குறைய 1,165 சதுர கிலோமீட்டரும், கோடையில் 900 சதுர கிலோமீட்டரை ஒட்டியும் பரந்து கிடக்கும் அந்தப் பெரும் நீர்நிலை கடலோடு பேசுவதற்குத் திட்டில் உள்ள ஓர் உடைப்பையே நம்பியிருக்கிறது. தமிழகத்தின் தென்கோடிக் கரைகளில் இத்தகைய உடைப்பைப் பொழி என்பர். பழவேற்காட்டில் முகத்துவாரம் என்பர். சில்காவின் முகத்துவாரம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. மணல் வந்து குவியக் குவிய அது வடகிழக்காக நகர்கிறது, குறுகுகிறது, சில வேளை அடைந்தே போகிறது. புதிய வாயொன்று திறந்தால் திட்டின் ஒரு துண்டு தீவாகும். பழைய வாய் தூர்ந்தால் அந்தத் துண்டு மீண்டும் கரையோடு ஒட்டிக்கொள்ளும். பயணி இறங்கி நிற்கும் மணல், அவருடைய பாட்டனார் காலத்தில் கடலாகவே இருந்திருக்கலாம்.

ஏரி பிறந்த விதத்தைப் பூரி ஆலயத்தின் ஏட்டு வரலாறான மாதளா பஞ்சி வேறு விதமாகச் சொல்கிறது. ரக்தபாகு என்ற வேற்றுநாட்டு மன்னன் பூரியைக் கொள்ளையிடப் பெரும் கப்பற்படையுடன் வந்தானாம். கரைக்கு எட்டாத தொலைவில் கப்பல்களை மறைத்து நிறுத்தினான். ஆனால் கப்பல்களில் இருந்த யானை, குதிரைகளின் சாணமும் வைக்கோலும் அலையில் மிதந்து கரை சேர்ந்துவிட்டன. அதைக் கண்ட நகர மக்கள் செய்தியை உணர்ந்து, ஜகந்நாதர் திருமேனியையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு அகன்றனர். வெறும் ஊரைக் கண்ட ரக்தபாகு, தன்னைக் காட்டிக்கொடுத்தது கடலே என்று சினந்து, கடலின் மீதே படையை ஏவினான். கடல் பின்வாங்கிற்று, படை உள்ளே சென்றதும் திரும்பிப் பாய்ந்து அதனை மூழ்கடித்தது, நிலத்துக்குள் புகுந்த அந்த நீரே சில்கா ஆயிற்று. இதில் வரும் மன்னனை வரலாற்றில் தேடிச் சோர்ந்த அறிஞர் பலர். மன்னனைவிடச் சாணம் முக்கியமானது எனத் தோன்றுகிறது. எது கடலில் விழுந்தாலும் நீரோட்டம் அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நாள்தோறும் கண்டறிந்த மக்கள் சொன்ன கதை இது. மணலைச் சேர்த்த கடலும் சாணத்தைச் சேர்த்த கடலும் ஒன்றே.

திட்டுக்குள் ஒதுங்கிய அமைதியான நீர் கப்பல்களுக்குப் புகலிடமாயிற்று. ஏரியின் தென்கோடியை அடுத்துள்ள பாலூர் என்னும் ஊரை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிட்ட பலூரா என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கின்றனர். கீழைக் கடல்களுக்குச் செல்லும் கப்பல்கள் கரையை விட்டு ஆழ்கடலுக்குத் திரும்பும் இடத்தை அதன் அருகில்தான் தாலமி வைக்கிறார். பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி இந்தப் பெயரைத் திராவிட மொழி கொண்டு விளக்கினார்: பல் என்பதும் ஊர் என்பதும் சேர்ந்தது பலூரா, ஆகவே புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்ததாகப் பௌத்த மரபு சொல்லும் கலிங்கத்துத் தந்தபுரமே இது என்பது அவர் வாதம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆயினும் தமிழ் வாசகர் ஒருவர் அந்தப் பெயரைக் காணும்போது சற்றே நின்று போவது இயல்பு.

ஏரியின் வாயருகே உள்ள மாணிகபட்டணாவில் நடந்த அகழாய்வு, துறைமுகம் என்ற சொல்லுக்குச் சான்றுகளைத் தந்தது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது புகழ்பெற்ற உருளைக் கோட்டு மட்கலங்களின் வகை இங்கும் கிடைத்தது. பிற்காலச் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அந்த ஊரின் பெயர் குறித்து ஒடிசா மக்கள் சொல்லும் கதை காஞ்சியோடு தொடர்புடையது. பதினைந்தாம் நூற்றாண்டின் கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சி மீது படையெடுத்துச் செல்கையில், ஜகந்நாதரும் பலபத்திரரும் கருங்குதிரையிலும் வெண்குதிரையிலும் ஏறிப் படைக்கு முன்னே சென்றனராம். வழியில் மாணிகா என்ற ஆய்ச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, கையில் காசில்லாமல் ஒரு மோதிரத்தைக் கொடுத்து, பின்னால் வரும் அரசனிடம் விலை பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மோதிரத்தைக் கண்ட அரசன் நடந்ததை உணர்ந்து, அவள் பெயரால் ஊரை ஏற்படுத்தினான். காஞ்சி–காவேரி என்று வழங்கும் இந்தக் கதை ஒடிசாவின் ஓவியங்களிலும் நாடகங்களிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழகத்தில் இதனைக் கேள்விப்பட்டவர் சிலரே. தோற்ற நாட்டில் மறந்துபோன போர் வென்ற நாட்டில் பக்திக் கதையாக நிலைப்பது புதிதல்ல. இங்கே கருதத்தக்கது வேறொன்று. பூரியிலிருந்து தெற்கே செல்லும் படைவழி எது என்ற நினைவைக் கதை பாதுகாத்து வைத்திருக்கிறது. அவ்வழி ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணற்பாதைதான்.

அதே பாதையில் எதிர்த்திசையில் ஒரு படை வந்தது 1803-இல். ஒடிசா அப்போது நாகபுரி போன்ஸ்லேக்களின் கையில் இருந்தது. தெற்கே கஞ்சம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இரண்டாம் ஆங்கில–மராத்தியப் போர் தொடங்கியதும், சென்னைப் படைப்பிரிவுகள் கஞ்சத்தில் திரட்டப்பட்டன. தலைமை ஏற்க வேண்டிய கேம்பல் நோயுற்றதால் லெப்டினன்ட் கர்னல் ஹார்கோர்ட் பொறுப்பேற்றார். செப்டம்பர் 8-ஆம் நாள் புறப்பட்ட அந்தப் படைக்கு வலப்புறம் கடல், இடப்புறம் ஏரி. மழைக்காலம். இத்தகைய ஒடுங்கிய பாதையில் வரும் சேனையை நிறுத்த, முகத்துவாரத்து நீரைக் கடக்கும் துறையில் சில துப்பாக்கிகளே போதும். மாணிகபட்டணாவில் அது நடக்கவில்லை. மாலுட் பகுதியின் பதே முகமது கம்பெனிக்கு வழிவிட்டார். அதற்குப் பரிசாக மாலுட் நிலம் இறையிலியாக அவருக்குக் கிடைத்தது. படை 18-ஆம் நாள் பூரியை அடைந்தது. அடுத்த மாதம் 14-ஆம் நாள் கட்டாக்கின் பாராபதிக் கோட்டை வீழ்ந்தது. ஒரு மாகாணம் கைமாறிய கதையில் கோட்டை முற்றுகைக்குப் பாடநூல்கள் ஒரு பத்தி ஒதுக்குகின்றன. ஒரு துறையில் நடந்த பேரத்துக்கு ஒரு வரி கூட இல்லை.

கம்பெனி ஆட்சிக்கு இந்தக் கரையில் வேண்டியிருந்தது உப்பு. ஏரிக்கும் திட்டுக்கும் இடையே உள்ள பாரிகுட் தீவுகளில் வெயிலில் காய்ச்சும் கர்கச் உப்பு விளைந்தது; ஒடிசாவின் பிற கடற்கரைகளில் மலங்கிகள் எனப்பட்ட தொழிலாளர் உவர்நீரை அடுப்பிலேற்றி உப்பெடுத்தனர். அரசே தனியுரிமையாக நடத்திய இந்தத் தொழிலை 1860களின் தொடக்கத்தில் அரசே கைவிட்டது. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்த சில ஆண்டுகளுக்குள் 1866-இன் பெரும் பஞ்சம் வந்தது. ஒடிசாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அரிசியை வெளியிலிருந்து கொண்டுவர முடிவெடுத்தபோது பருவக்காற்று தொடங்கிவிட்டது. அலை மிகுந்த, துறைமுகமற்ற கரையில் கப்பல்கள் சரக்கை இறக்கத் திணறின. பலூரா எனத் தாலமி பெயர் குறித்த கரை, ஒரு மூட்டை அரிசியை இறக்கவும் இடம் தராத கரையாகியிருந்தது.

முகத்துவாரம் சுருங்கியதைப் பழைய ஆவணங்களிலிருந்தே காணலாம். 1780-இல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமாக இருந்த வாய், அடுத்த நாற்பது ஆண்டுகளில் பாதியாயிற்று. மீனவர்கள் தாங்களே மணலை வெட்டி வழி திறக்க வேண்டிய நிலை வந்தது. 1890களில் கிழக்குக் கடற்கரை இருப்புப்பாதை ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி ரம்பா, பாலுகாவ் வழியாகப் போடப்பட்டது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிறவர் ரயில் சன்னலில் இருந்தே ஏரியைப் பார்க்கலாயினர். மணற்பாதை மறக்கப்பட்டது. மீன் வணிகமும் ரயில் நிலையங்களைத் தேடிப் போயிற்று. ஏரியின் தென்பகுதி 1936 வரை சென்னை மாகாணத்திலும், எஞ்சியது முதலில் வங்கத்திலும் பிறகு பீகார்–ஒரிசா மாகாணத்திலும் இருந்தது. நெல்சன் அன்னண்டேல் முதலாம் உலகப் போர்க் காலத்தில் சில்காவின் உயிரினங்களை ஆராய்ந்தபோது, ஏரிக்கு ஆண்டில் இரண்டு பிறவிகள் உண்டு என்பது தெளிவாயிற்று: மழைக்குப் பின் அது நன்னீர் ஏரி, கோடையில் உவர்நீர்க் காயல். மீனும் இறாலும் நண்டும் இந்தச் சுழற்சியை நம்பியே உள்ளே வருகின்றன, வெளியேறுகின்றன. அந்தச் சுழற்சியின் திறவுகோல் திட்டின் உடைப்பில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் திறவுகோல் ஏறத்தாழ தொலைந்தேவிட்டது. மகர்முக் என்னும் இடத்தில் ஏரியை விட்டுக் கிளம்பும் கால்வாய், திட்டின் உட்புறமாகவே நெடுந்தூரம் ஓடி, அரகாகுடா அருகே கடலில் கலந்தது. முதலையின் முகம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அந்த வாசலில் வண்டல் நிறைந்தது. கடல்நீர் உள்ளே வருவது குறைந்தது, உவர்ப்பு தணிந்தது, நீர்ப்பூண்டுகள் படர்ந்தன, மீன்வரத்து சரிந்தது. 1981-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி, 1993-இல் அழிவுக்குள்ளாகும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மீன் குறைந்த அதே ஆண்டுகளில் இறாலுக்கு உலகச் சந்தையில் விலை ஏறிற்று. ஏரியில் எந்தச் சாதியார் எந்த நீரில் எந்த வலை இடுவது என்பதற்குப் பல தலைமுறைகளாக வழக்கம் இருந்தது. ஜானோ, பாஹனி, தியான் என்று நீர்ப்பரப்புகளுக்கே தனிப்பெயர்கள் உண்டு. அந்த நீரில் மூங்கிலும் வலையும் கொண்டு கேரி எனப்படும் அடைப்புகள் எழுந்தன. எழுப்பியவரில் பெரும்பாலோர் மீனவர் அல்லர். பணமும் அரசியல் துணையும் உடையோர். ஒரு பெரிய தொழில் குழுமம் மாநில அரசுடன் சேர்ந்து இறால் பண்ணை அமைக்க முயன்றபோது எழுந்த சில்கா பச்சாவ் இயக்கம் 1992-இல் அதனை விலக வைத்தது. கேரிகள் விலகவில்லை. 1996 டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சில்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்பு கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தஞ்சைக் கடற்பகுதியில் இறால் பண்ணைகளை எதிர்த்து நின்ற சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன். பூரி ஆண்டவரின் பெயருடைய ஒரு தமிழர், தம் ஊர் விவசாயிகளுக்காகத் தொடுத்த வழக்கு ஒடிசா மீனவருக்கும் அரணாயிற்று. தாளில் அரணாயிற்று என்பதே சரி. தீர்ப்பு நிறைவேறவில்லை. மூன்றாவது ஆண்டில், 1999 மே 29 அன்று, மீனவர்கள் தாமே திரண்டு அடைப்புகளைப் பிடுங்கினர். அன்றிரவு சொரணா கிராமத்தில் காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2000 செப்டம்பர் 23 அன்று, சிபாகுடா என்னுமிடத்தில் மணல்திட்டு வெட்டப்பட்டுப் புதிய வாய் திறக்கப்பட்டது. புனேயின் நீரியல் ஆராய்ச்சி நிலையமும் கோவாவின் கடலியல் நிறுவனமும் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் சில்கா மேம்பாட்டு ஆணையம் எடுத்த முடிவு அது. கடலை அடைய ஏரிநீர் ஓட வேண்டிய தூரம் 18 கிலோமீட்டர் குறைந்தது. பலன் வியப்பூட்டும் வேகத்தில் வந்தது. 1999–2000-இல் 1,750 டன் அளவில் இருந்த மீன்வரத்து, 2001–02-இல் 12,000 டன்னை நெருங்கிற்று. பூண்டுகள் பின்வாங்கின. 2002-இல் ஏரி மான்ட்ரூ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ராம்சார் விருதும் ஆணையத்துக்குக் கிடைத்தது. சூழலியல் மீட்புக்குச் சான்றாக உலகெங்கும் காட்டப்படும் நிகழ்வு இது. அந்தப் பாராட்டு தகுதியானதே. சொரணாவுக்கும் சிபாகுடாவுக்கும் இடையே பதினாறு மாதங்களே உள்ளன என்பதை மட்டும் அந்தப் பாராட்டுரைகள் சொல்வதில்லை.

ஏரியின் நோய்க்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: வாய் அடைந்தது ஒன்று, அடைப்புகள் பெருகியது மற்றொன்று. முதலாவதற்கு மணல் வாரும் இயந்திரம் போதும். இரண்டாவதற்கு மனிதரோடு மோத வேண்டும். அரசு எதனைத் தேர்ந்தது என்பது தெரிந்ததே. மீன் திரும்பி வந்தது. அது திரும்பி வந்த நீரில் அடைப்புகளும் இருந்தன. ஏரி மீனவரிடையே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்த குறைகள் வேறு சிலவும் உண்டு. புதிய வாய் வழியே வரும் ஏற்றவற்றம் முன்பைவிட வலியது. அதனால் பழைய வகை வலைகளும் பொறிகளும் நிற்பதில்லை. மணல் உள்ளே ஏறுகிறது. கொட்டலசுகள் வலையிலும் படகிலும் ஒட்டிக்கொள்கின்றன. முன்பு மாதத்தையும் பருவத்தையும் கொண்டு கணக்கிட்ட ஏரியை இப்போது மணியைக் கொண்டு கணக்கிட வேண்டியிருக்கிறது. மொத்த மீன்வரத்தைக் கூறும் புள்ளிவிவரம் எந்த வலையில் எவ்வளவு விழுந்தது என்பதைக் கூறாது. மீனவக் குடும்பங்களிலிருந்து வெளியூர்க் கூலிவேலைக்குச் சென்றோர் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடங்களில் சென்னையும் ஒன்று.

கடலும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. 2008-இல் கபகுண்டாவில் திட்டு தானாகவே உடைந்து மற்றொரு வாய் திறந்தது. 2013 அக்டோபரில் வந்த பைலின் புயலும், 2019 மே 3-ஆம் நாள் பூரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயலும் மேலும் சில உடைப்புகளை உண்டாக்கின. ஒவ்வொரு முறையும் திட்டின் சில துண்டுகள் தீவாயின. சில துண்டுகள் கரைந்தன. சில உடைப்புகள் சில மாதங்களில் தூர்ந்தன. புயலுக்குப் பின் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு ஏரியின் உவர்ப்பு எவ்வளவு உயரும் என்று அறிவியலாளர்கள் கணக்கிடுவதற்கு முன்பே, எந்த வழியில் இறால் குஞ்சுகள் ஏறுகின்றன என்பதைப் படகுக்காரர்கள் கண்டுகொண்டிருந்தனர்.

சாதபடாவிலிருந்து மற்றொரு படகும் புறப்படுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதனைக் கவனிப்பதில்லை. பேருந்து, இருசக்கர வண்டி, பால்குடம், பள்ளிப் பிள்ளைகள், நோயாளிகள் யாவரையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையில் உள்ள ஜன்ஹிகுடாவுக்குப் போகும் பெரும்படகு அது. அங்கிருந்து மாலுட்டுக்கும் பாரிகுட்டுக்கும் சாலை செல்கிறது. பதே முகமது வாங்கிய நிலத்துக்கும், உப்பு விளைந்த தீவுகளுக்கும் இன்றும் அதுவே குறுக்குவழி. அந்தப் படகில் செல்வோருக்கு முகத்துவாரம் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி. மகாநதியின் வெள்ளம் ஏரியை நிரப்பும்போது, நீர் வடிய வழி இருந்தால் வயல் பிழைக்கும். இல்லாவிட்டால் ஊருக்குள் ஏறும்.